அடிக்குறிப்பில்லாமல் படிக்கக் கூடாத அட்டவணை: அகதிகள் ஆணையத்தின் தரவுச் சேவை குறித்து ஒரு மதிப்பீடு

அகதிகளையும் கட்டாய இடப்பெயர்வையும் பற்றி எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை முதல் பத்தியிலேயே ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் மேலே நகர்கின்றன. 2024ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்டிருந்தோர் 12.32 கோடிப் பேர் என்பது அப்படிப்பட்ட எண்களில் அண்மைக் காலத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது. இத்தகைய எண்களுக்கு ஊற்றாக இருப்பது, ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையமான யூ.என்.எச்.சி.ஆர். தன் இணையதளத்தில் நடத்திவரும் ‘ரெஃப்யூஜி டேட்டா ஃபைண்டர்’ என்னும் தரவுச் சேவை. ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையை இங்கே நான் மதிப்பிடவில்லை. ஓர் ஆய்வாளர் தமக்கு வேண்டிய நாட்டையும் ஆண்டையும் தாமே தேர்ந்து எண்களை எடுத்துக்கொள்ள உதவும் இந்தக் கருவியை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். இத்துறையில் இலவசமாகக் கிடைக்கும் கருவிகளுள் பரப்பிலும் கால நீட்சியிலும் இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்ல முடியாது. ஆயினும் அடிக்குறிப்புகளைப் படிக்கும் பொறுமை இல்லாத ஒருவருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

முதலில் கிடைப்பது என்ன என்பதைப் பார்க்கலாம். 1951 முதல் இன்றுவரை, பிறப்பிட நாடு, புகலிட நாடு, ஆண்டு ஆகிய மூன்றையும் இணைத்துத் தேடக்கூடிய அட்டவணைகள் இங்கே உள்ளன. ஆணையத்தின் சொந்தத் தரவுகளோடு, பாலஸ்தீன அகதிகளுக்காக 1949 டிசம்பரில் தோற்றுவிக்கப்பட்ட யூ.என்.ஆர்.டபிள்யூ.ஏ. அமைப்பின் பதிவுகளும், ஜெனீவாவில் இயங்கும் உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையமான ஐ.டி.எம்.சி.யின் மதிப்பீடுகளும் சேர்க்கப்பட்டுள்ளன. அகதிகள், புகலிடக் கோரிக்கையாளர்கள், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர், நாடற்றோர், தாயகம் திரும்பியோர், மூன்றாம் நாட்டில் மீள்குடியமர்த்தப்பட்டோர் எனப் பிரிவுகள் நீள்கின்றன. கணக்குத் தொடங்கவோ கடவுச்சொல் வைக்கவோ தேவையில்லை. தேர்ந்தெடுத்த அட்டவணையைக் கோப்பாகப் பதிவிறக்கி எக்செல் மென்பொருளில் திறந்துகொள்ளலாம். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு, தரவை நிரல் மூலம் நேரடியாகப் பெற உதவும் ஏ.பி.ஐ. வழியும் திறந்தே இருக்கிறது. வரைபடங்களும் உலகப் படங்களும் பார்வைக்கு நன்றாகவே உள்ளன; வகுப்பறையில் காட்டுவதற்கு அவை போதும், ஆய்வேட்டில் ஒட்டுவதற்கு உரியவை அல்ல.

பயன்படுத்தும் எளிமையைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. சிக்கல், எண்கள் திரையில் வந்து நின்ற பிறகே தொடங்குகிறது. 2023ஆம் ஆண்டின் இறுதிக்கு ஆணையம் தந்த உலகக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஆணையத்தின் பொறுப்பில் உள்ள அகதிகள் 3.16 கோடி, பாலஸ்தீன அகதிகள் 60 இலட்சம், பன்னாட்டுப் பாதுகாப்பு தேவைப்படும் பிறர் 58 இலட்சம், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் 6.83 கோடி; புகலிடக் கோரிக்கையாளர் 69 இலட்சம். இவற்றின் கூட்டுத்தொகை 11.86 கோடி. ஆனால் ஆணையம் அறிவித்த மொத்தமோ 11.73 கோடி. ஏறத்தாழ 13 இலட்சம் பேர் எங்கே போனார்கள் என்று தேடினால், விடை அடிக்குறிப்பில் இருக்கிறது. காசாவில் பாலஸ்தீன அகதிகளாகப் பதிவு பெற்றிருந்தவர்களே அந்த ஆண்டின் போரில் அதே நிலப்பரப்புக்குள் மீண்டும் இடம்பெயர்ந்ததால், அவர்கள் இரண்டு நெடுவரிசைகளிலும் இடம்பெறுகிறார்கள். மொத்தத்தில் மட்டும் ஒரு முறை எண்ணப்படுகிறார்கள். கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஒரே மனிதர் ஒரே நேரத்தில் அகதியாகவும் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவராகவும் இருக்கும் நிலையை எந்த நெடுவரிசையும் தனியாகத் தாங்க முடியாது என்பதே அங்கே தெரியவருகிறது. ஆயினும் கோப்பைப் பதிவிறக்கி, வரிகளைத் தாமே கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை மேற்கோள் காட்டும் மாணவருக்கு இதை எச்சரிப்பார் எவருமில்லை. வங்கதேசத்தில் உள்ள ரோகிங்கியாக்களும் இப்படியே அகதிகள் என்ற பிரிவிலும் நாடற்றோர் என்ற பிரிவிலும் ஒருசேர இருப்பவர்கள். இரண்டையும் கூட்டினால் அவர்கள் இருமடங்காகிவிடுவார்கள்.

காலப்போக்கில் பிரிவுகளே மாறிவருவது இதைவிட நுட்பமான தொல்லை. 2007ஆம் ஆண்டின் எண்களிலிருந்து, அகதிகளை ஒத்த சூழ்நிலையில் இருப்போர் அகதிகளின் கணக்கில் சேர்க்கப்பட்டனர். மீள்குடியமர்த்தப்பட்டவர்கள் சில நாடுகளின் மதிப்பீடுகளிலிருந்து விலக்கப்பட்டனர். எனவே 2006ஐயும் 2007ஐயும் ஒரே கோட்டால் இணைத்து வரையப்படும் எந்தப் படமும் அந்த இடத்தில் ஒரு முறிவைக் காட்டியாக வேண்டும். வெனிசுவேலாவிலிருந்து வெளியேறியவர்களில் பெரும் பகுதியினர் முறைப்படி அகதி நிலை பெறாதவர்கள். அவர்கள் சில ஆண்டுகள் தனிப் பெயருடன் எண்ணப்பட்டு, 2022இன் நடுப்பகுதி முதல் ‘பன்னாட்டுப் பாதுகாப்பு தேவைப்படும் பிறர்’ என்ற பிரிவுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். அகதிகள் என்ற நெடுவரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு கொலம்பியாவைப் பற்றி எழுத முற்படுபவர், உலகிலேயே அதிகமானோருக்கு இடமளித்த நாடுகளில் ஒன்றைப் பற்றி, அங்கே அகதிகள் மிகக் குறைவு என்று எழுதிவிடக்கூடும்.

ஈரானின் வரிசை இன்னும் நல்ல பாடம். 2021இன் இறுதியில் ஏறத்தாழ 8 இலட்சமாக இருந்த அந்நாட்டின் அகதிகள் எண்ணிக்கை, 2022இன் இறுதியில் 34 இலட்சமாகி, அதற்கு அடுத்த ஆண்டில் 38 இலட்சத்தை எட்டுகிறது. வரைபடத்தில் இது செங்குத்தான சுவர்போல் எழுந்து நிற்கும். 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் வசமானதை அறிந்த எவரும், ஓராண்டில் 26 இலட்சம் ஆப்கானியர் எல்லை கடந்தார்கள் என்று உடனே முடிவு கட்டிவிடுவார்கள். பலர் கடந்தது உண்மையே. ஆனால் அந்த ஏற்றத்தின் பெரும் பகுதி, ஈரான் அரசு 2022இல் ஆவணமற்றோரைத் தலைக்கணக்கெடுத்ததனால் வந்தது. அவர்களில் நெடுங்காலமாக அந்நாட்டில் வாழ்ந்துவந்தவர்களும் இருந்தார்கள். மக்களின் நகர்வையும் கணக்கெடுப்பின் நகர்வையும் ஒரே கோடு காட்டுகிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் வசதி அந்தக் கோட்டுக்கு இல்லை. காரணத்தையும் விளைவையும் தொடர்புபடுத்தும் புள்ளியியல் ஆய்வுகளில் இத்தகைய தாவல்கள் அப்படியே உள்ளே நுழைந்தால், கிடைக்கும் முடிவின் தரத்தைச் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி, பலர் எட்டிப் பார்க்காத அடிக்குறிப்புகள்தாம். சீனாவைப் புகலிட நாடாகத் தேர்ந்தால் ஆண்டுக்கு ஆண்டு சுமார் 3 இலட்சம் அகதிகள் என்று காட்டும். அவர்கள் வியட்நாமிலிருந்து 1970களின் இறுதியில் வந்தவர்கள். சீனச் சமூகத்தில் நன்கு இணைந்துவிட்டார்கள், நடைமுறையில் சீன அரசின் பாதுகாப்பைப் பெறுகிறார்கள் என்று குறிப்பு சொல்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய அசையாமல் நிற்கும் ஓர் எண், பிறப்பும் இறப்பும் இல்லாத ஒரு மக்கள்தொகையைப் போல் அட்டவணையில் தொடர்கிறது. தென் சூடான் 2011இல் தனி நாடான பிறகும், அதன் மக்களில் எண்ணிக்கை தெரியாத ஒரு பகுதியினர் சூடானின் பெயரிலேயே பதிவாகியிருக்கக்கூடும் என்ற குறிப்பும் இருக்கிறது. இரு நாடுகளையும் ஒப்பிட்டு எழுத நினைப்பவர் அந்த ஒற்றை வரியைப் படித்த பின் தம் ஆய்வுக் கேள்வியையே மாற்றிக்கொள்ள நேரலாம். மேற்கு சஹாராவிலிருந்து வந்து அல்ஜீரியாவின் டிண்டூஃப் முகாம்களில் உள்ள சஹ்ராவி மக்களைப் பொறுத்தவரை, அட்டவணையில் பல ஆண்டுகள் 90,000 என்ற எண் நின்றது. அல்ஜீரிய அரசின் மதிப்பீடான 1,65,000 அடிக்குறிப்பில் நின்றது. உதவித் திட்டத்துக்காக வைத்துக்கொண்ட எண் ஒன்று, அரசியல் நிலைப்பாட்டோடு பிணைந்த எண் ஒன்று என இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. இவற்றுள் எது மெய் என்று கேட்பதைவிட, ஏன் இரண்டு இருக்கின்றன என்று கேட்பதே ஆய்வாளருக்குப் பயன் தரும்.

எண்ணியவர் யார் என்ற கேள்வி இதிலிருந்து இயல்பாகவே எழுகிறது. பல நாடுகளில் அரசே பதிவு செய்து எண்ணைத் தருகிறது. சில நாடுகளில் ஆணையம் தானே பதிவு செய்கிறது. வேறு சிலவற்றில் இருவரும் சேர்ந்து செய்கிறார்கள். அகதிகளுக்கெனத் தனிப் பதிவேடு வைத்திராத வளர்ந்த நாடுகளுக்கு, முந்தைய பத்தாண்டுகளில் புகலிடம் ஏற்கப்பட்டவர்களின் தொகையைக் கொண்டு ஆணையமே மதிப்பிடுகிறது. அப்படிப்பட்ட நாட்டில் பதினோராவது ஆண்டில் ஒருவர் கணக்கிலிருந்து மறைவது, அவர் குடியுரிமை பெற்றதனாலோ திரும்பிப் போனதனாலோ இருக்க வேண்டியதில்லை. இந்தியா, அகதிகள் நிலை பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் சேராத நாடு. இலங்கைத் தமிழ் அகதிகளையும் திபெத்தியரையும் அங்கே அரசே நேரடியாகக் கவனிக்கிறது. ஆப்கானிஸ்தான், மியான்மர் முதலிய நாடுகளிலிருந்து வந்தோரை ஆணையம் பதிவு செய்கிறது. ஒரு நாட்டின் ஒரே நெடுவரிசைக்குள் இருவேறு நிர்வாகங்களின் இருவேறு வரையறைகள் இப்படி அருகருகே அமர்ந்திருக்கின்றன.

மக்கள்தொகை அட்டவணை ஆண்டின் கடைசி நாளில் நிலவும் இருப்பைக் காட்டுவது. கடைக்காரர் ஆண்டு முடிவில் கையிருப்பை எண்ணி எழுதுவதைப் போன்றது, இடையில் வந்து போன சரக்கு அதில் தெரியாது. 1999 மார்ச் முதல் ஜூன் வரை கொசோவோவிலிருந்து விரட்டப்பட்ட எட்டரை இலட்சம் பேரில் பெரும்பாலானோர் அதே ஆண்டுக்குள் திரும்பிவிட்டார்கள். ஐரோப்பா கண்ட மிக விரைவான வெளியேற்றங்களுள் ஒன்றாகிய அது, டிசம்பர் 31இன் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு ஒரு சிறு நெளிவாகவே தெரியும். இதன் மறுபக்கமும் உண்டு. ஒரே நாட்டைச் சேர்ந்த 25,000 பேருக்கு மேற்பட்டோர் ஒரு புகலிட நாட்டில் தொடர்ந்து குறைந்தது ஐந்தாண்டுகள் இருந்தால் அதை நீடித்த அகதிச் சூழல் என்று ஆணையம் வரையறுக்கிறது. இந்த அட்டவணையைக் கொண்டு அத்தகைய சூழல்களைச் சில நிமிடங்களில் கண்டெடுத்துவிடலாம் என்பது உண்மையில் பெரிய வசதி. ஆனால் நீடிப்பது சூழல்; அதற்குள் இருக்கும் மனிதர்கள் அதே மனிதர்கள்தாமா என்பதை இருப்புக் கணக்கு சொல்லாது. ‘இத்தனை இலட்சம் பேர் இருபது ஆண்டுகளாக முகாமில் இருக்கிறார்கள்’ என்று இதைக் கொண்டு எழுதப்படும் வாக்கியங்களில் பல, தரவு தாங்கும் எடையைவிட அதிகமானதைச் சுமப்பவை.

புகலிட விண்ணப்பங்களும் தீர்ப்புகளும் அடங்கிய அட்டவணை வேறு தரத்தில் அமைந்திருக்கிறது. முடிவெடுத்தது அரசா, ஆணையமா, இருவரும் சேர்ந்தா என்பது அதில் ஒரு தனி நெடுவரிசையில் குறிக்கப்படுகிறது. முதல் நிலைத் தீர்ப்பா, மேல்முறையீடா என்பது இன்னொன்றில் வருகிறது. எண்ணப்பட்டவை ஆட்களா, வழக்குகளா என்பதும் சொல்லப்படுகிறது. ஒரு வழக்குக்குள் ஒரு குடும்பமே இருக்கக்கூடும் என்பதால் இது சிறிய செய்தியன்று. இந்த மூன்று விவரங்களும் இருப்பதால் நாடுகளின் ஏற்பு விகிதங்களை நேர்மையாக ஒப்பிட முடிகிறது. முழு அகதி நிலை பெற்றோரை மட்டும் விகிதத்தின் தொகுதியில், அதாவது மேலெண்ணில், வைப்பது ஒரு கணக்கு. அகதி நிலைக்குப் பதிலாக வழங்கப்படும் துணைப் பாதுகாப்பைப் பெற்றோரையும் சேர்த்துக்கொள்வது மற்றொன்று. விசாரணைக்கு வராமலே முடிக்கப்பட்ட விண்ணப்பங்களைக் கீழெண்ணான பகுதியில் சேர்ப்பதா தவிர்ப்பதா என்பதைப் பொறுத்து விகிதம் வெகுவாக மாறும். ஆணையம் தன் அறிக்கைகளில் அவற்றைத் தவிர்த்தே கணக்கிடுகிறது. பதிவிறக்கிய கோப்பில் அவை தனியே இருப்பதால், விரும்புவோர் தமது முறையில் கணக்கிட்டு வேறுபாட்டைச் சோதித்துக்கொள்ளலாம். ஓர் அரசின் கண்டிப்பைப் பற்றி எழுதுவோர் இந்த அட்டவணையில் ஒரு பிற்பகலைச் செலவிட்டால் கட்டுரையின் தரம் உயரும்.

இங்கே கிடைக்காதவற்றையும் சொல்லியாக வேண்டும். வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவற்றால் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் ஆணையத்தின் மொத்தத்தில் இல்லை, அதற்கு ஐ.டி.எம்.சி.யின் சொந்தத் தரவுத்தளத்துக்குப் போக வேண்டும். 2024இன் இறுதியில் அந்த மையம் கணக்கிட்ட 8.34 கோடிப் பேரில் 98 இலட்சம் பேர் பேரிடர்களால் இடம்பெயர்ந்தவர்கள். நெருக்கடி நடந்துகொண்டிருக்கும்போதே வாரந்தோறும் மாறும் எண்கள் ஆணையத்தின் வேறொரு செயற்பாட்டுத் தளத்தில் வருகின்றன. அவற்றையும் ஆண்டிறுதிக் கணக்கையும் ஒரே வரிசையில் கலக்கக் கூடாது. வருமானம், கல்வி, உடல்நலம் போன்றவற்றைக் குடும்ப அளவில் ஆராய விரும்புவோருக்கு, பெயர் நீக்கப்பட்ட கணக்கெடுப்புக் கோப்புகளைத் தரும் நுண்தரவு நூலகம் ஒன்றை ஆணையமே தனியாக நடத்துகிறது. அங்கே அனுமதி கோரும் நடைமுறை உண்டு. வயது, பாலினம் பற்றிய விவரங்கள் எல்லா நாடுகளுக்கும் முழுமையாக இல்லை என்பதால், உலகளாவிய விகிதங்களில் இடைவெளிகள் புள்ளியியல் மாதிரிகளால் நிரப்பப்படுகின்றன. மிகச் சிறிய எண்கள், ஆட்களை அடையாளம் காண முடியாதபடி ஐந்தின் மடங்காக மாற்றித் தரப்படுகின்றன. பாதுகாப்புக் கருதிச் செய்யப்படும் இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

1951இல் தொடங்கும் வரலாறு என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. அந்த ஆண்டின் ஏறத்தாழ 21 இலட்சம் என்ற எண், ஆணையத்தின் அன்றைய பொறுப்புக்குள் வந்தவர்களைக் குறிப்பது. 1947ஆம் ஆண்டு இந்தியப் பிரிவினையில் எல்லை கடந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதற்குள் இல்லை. எழுபது ஆண்டுகளில் அகதிகள் இத்தனை மடங்கு பெருகினார்கள் என்று இந்த வரிசையைக் கொண்டு சொல்பவர், மனிதர்கள் பெருகியதையும் ஆணையத்தின் பார்வை விரிந்ததையும் ஒன்றாக்கிவிடுகிறார்.

இந்த ஐயங்கள் எவையும் புதியவையல்ல. 1982இல் ஆக்ஸ்ஃபோர்டில் அகதிகள் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கிய பார்பரா ஹாரல்-பாண்ட், முகாம்களில் தலைகளை எண்ணும் செயல் உதவி வழங்குவோருக்கும் பெறுவோருக்கும் இடையிலுள்ள அதிகார உறவின் ஒரு பகுதி என்று 1992இல் தம் சக ஆய்வாளர்கள் இருவருடன் சேர்ந்து வாதிட்டார். ஆணையத்துக்குள்ளேயே பணியாற்றிய ஜெஃப் கிரிஸ்ப், அகதி எண்களின் அரசியலை 1999இல் ஆணையத்தின் சொந்த ஆய்வுத்தாள் வரிசையிலேயே விரிவாக எழுதினார். ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2018இல் அகதிகள் புள்ளிவிவரங்களுக்கான பன்னாட்டுப் பரிந்துரைகளை ஏற்றது. நாடுகளின் தேசியப் புள்ளியியல் அமைப்புகள் அகதிகளைத் தங்கள் கணக்கெடுப்புகளில் சேர்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அது எந்த அளவுக்கு நடைமுறைக்கு வருகிறதோ அந்த அளவுக்கு இந்தச் சேவையின் எண்களும் உறுதிப்படும்.

முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் பயன்படுத்தும் முறையைச் சேர்த்தே சொல்வேன். முறையியல் பக்கத்தை அட்டவணைக்கு முன்பே படித்துவிட வேண்டும். ஒரு தொடர்வரிசையில் திடீர் ஏற்றமோ இறக்கமோ தென்பட்டால், போரைத் தேடுவதற்கு முன் அந்த ஆண்டின் வரையறை மாற்றத்தைத் தேட வேண்டும். முந்தைய ஆண்டுகளின் எண்களும் பின்னர் திருத்தப்படுவதுண்டு என்பதால், தரவு எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று ஆய்வேட்டில் எழுதுவது கட்டாயம். இரண்டு கட்டுரைகள் ஒரே ஆண்டுக்கு இரு வேறு எண்களைத் தருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆணையத்திடம் ஒன்றைக் கேட்கலாமென்றால் நான் கேட்பது மிகச் சிறியது. முடிவெடுத்தவர் யார் என்பதைப் புகலிடத் தீர்ப்புகளின் அட்டவணை ஒரு நெடுவரிசையில் சொல்கிறதே, அதேபோல் எண்ணியவர் யார் என்று சொல்லும் நெடுவரிசையை மக்கள்தொகை அட்டவணையிலும் சேர்க்க வேண்டும். அதனருகே அது பதிவா, மதிப்பீடா, தலைக்கணக்கா என்று ஒரு குறியும் இருக்க வேண்டும். ஈரானின் 2022ஆம் ஆண்டு வரியில் அப்படியொரு குறி இருந்தால், அந்தச் செங்குத்தான ஏற்றத்தைப் பார்த்தவுடனேயே ஆய்வாளர் நின்று யோசிப்பார். அது வரும்வரை, பதிவிறக்கும் ஒவ்வொரு கோப்போடும் அந்த நாட்டுக்கான அடிக்குறிப்புகளையும் தேதியிட்டுச் சேமித்து வைத்துக்கொள்ளும் வேலை ஆய்வாளரின் தலையிலேயே இருக்கிறது.